ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு தோட்டம்

அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சூளையில் கலர் ஓடிப்போன பீங்கான் சரக்கு ஒன்றை யாரோ சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணைப் பார்க்கிற இடத்தில் இப்படியா ஒரு படத்தை மாட்டுவார்கள்? கண் சரியில்லாமல் வருகிறவன் இதைப் பார்த்தால், இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது என்று அங்கேயே உட்கார்ந்து அழமாட்டானா?

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தக் கண் ஆஸ்பத்திரி. நீளமான ஒரு நடை. ஒரு பக்கம் வரிசையாக இரும்பு நாற்காலிகள். எதிர்ச்சுவரில் அந்தப் படம். நடையின் கோடியில் ஒரு இருட்டறை. விழித்திரை பார்க்கிற டாக்டரம்மா வாரத்தில் ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து வந்து அந்த அறையில் உட்காருவார். மாசம் ஒரு தடவை அப்படி ஒரு நாளில்தான் என் வீட்டுக்காரரை நான் அங்கே கூட்டிக்கொண்டு போவேன்.

அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. இடது கண் முழுசாகப் போய்விட்டது. அது தெருவுக்கே தெரியும். மிச்சமிருந்தது வலது கண் ஒன்றுதான். அதுவும் மங்கிக்கொண்டே வந்தது. அதைக் காப்பாற்றத்தான் கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. அந்த ஊசி நேரத்தில் வெளியே உட்கார்ந்து நான் என் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அவர் என்னவோ கொசு கடித்த மாதிரி எழுந்து வருவார். அந்த ஒரு கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைக்க ஆரம்பித்தால் என் கை வேலை அப்படியே நின்றுவிடும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் சுயநினைவு வரும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் சூளை, நான் பெயிண்டிங். சூளைச் சுவரில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாக உள்ளே தீ என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்த்துச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. அந்த ஓட்டைதான் அவர் கண்ணைத் தின்றது என்று நான் சொல்வேன். "சும்மா இரு. சூள நமக்குச் சோறு போட்டுச்சு. சர்க்கரதான் கண்ண எடுத்துச்சு," என்பார். டாக்டரம்மாவும் அவர் கட்சிதானாம். எனக்கு மட்டும் மனசு ஆறாது. சர்க்கரையைத் திட்டினால் அதற்குக் காதா இருக்கிறது? சூளையையாவது போகிற வழியில் நின்று முறைக்கலாம்.

என் வேலை பொம்மைக்கு முகம் எழுதுவது. புருவம், உதடு, பொட்டு எல்லாம் முடித்துக் கடைசியில்தான் கண் வைப்போம். கண் வைக்காத பொம்மையை மேசைமேல் விட்டுவிட்டு எங்கள் செக்‌ஷனில் யாரும் சாப்பிடக்கூட எழுந்து போகமாட்டார்கள். கலர் விஷயத்திலும் எங்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பூசும்போது இருக்கிற நிறம் வேறு, வெந்து வரும்போது இருக்கிற நிறம் வேறு. சாம்பல் மாதிரி பூசியது நீலமாக வந்து நிற்கும். சூடு கொஞ்சம் கூடிப்போனால் எல்லாம் ஓடிவிடும். பூ இலைமேல் வழியும், இலை கிண்ணத்தின் அடிவரைக்கும் வழியும். அப்படி வந்ததையெல்லாம் செகண்ட்ஸ் என்று ஒதுக்கி ரோட்டோரக் கடைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"செகண்ட்ஸ மாட்டி வச்சிருக்காங்க பாருங்க," என்றேன்.

அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "என் சூளையில ஒருநாளும் இப்பிடி ஓடுனதில்ல. இது வேற எவனோ எரிச்சது," என்றார்.

அவர் கண்ணில் சொட்டு மருந்து விட வந்த நர்ஸ் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, அது பீங்கான் இல்லீங்க, பெயிண்டிங்கு. வெளிநாட்டுக்காரங்க வரைஞ்சது. அப்பிடித்தான் இருக்கும். கிட்ட நின்னு பாக்காதீங்க, இங்க வந்து உக்காந்து பாருங்க."

"பெயிண்டிங்குன்னா எனக்குத் தெரியாதா? நானும் அந்த வேல பாத்தவதான்," என்று அவளிடம் சொன்னேன். சொன்னாலும் போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. சிவப்பும் ரோஸும் வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. எங்கள் செக்‌ஷனில் பிரஷ் துடைக்கிற துணி அப்படித்தான் இருக்கும். டாக்டரம்மா வர நேரமாகும் என்றார்கள். பார்ப்பதற்கு அங்கே வேறு என்ன இருக்கிறது? அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒரு பாதை தெரிந்தது. பாதையின் இரண்டு பக்கமும் இருந்த சிவப்பு பூச்செடியாகிவிட்டது. மேலே இருந்த பச்சை மரமாகிவிட்டது. பாதைமேல் ஆங்காங்கே ஒற்றியிருந்த வெளிர் மஞ்சள், இலைகளுக்கு நடுவே புகுந்து விழுந்த வெயில். பாதை முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். அது கவுன் போட்ட ஒரு பெண், கையில் குடை. அவளுக்குப் பின்னால் ஒரு பச்சை பெஞ்சு. மருந்து வாடை அடிக்கிற அந்த நடையில் எனக்குத் தண்ணீர் தெளித்த மண்ணின் வாசனை வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு வந்தது.

"ஏங்க, அது தோட்டம்ங்க!" என்று அவர் தொடையைத் தட்டினேன்.

"நீ சத்தம் போட்டதுல அந்தத் தோட்டத்துல இருந்தவங்களே திரும்பிப் பாத்திருப்பாங்க," என்றார்.

சொட்டு மருந்து விட்டால் கண்ணின் பாப்பா விரிந்துகொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே கலங்கலாகத் தெரியும். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடப்பார்கள். அவர் மட்டும் அன்று கண்ணைத் திறந்து படத்துப் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மருந்து போட்டதும் உன் மூஞ்சி கலங்கலாயிடுச்சு. கடியாரம் கலங்கலாயிடுச்சு. இந்தப் படம் மட்டும் முன்ன எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்குது. இது ஒண்ணுதான் நீ பாக்குற மாதிரியே நானும் பாக்குறேன்."

எத்தனையோ மாதமாக அவர் ஒரு உலகத்திலும் நான் ஒரு உலகத்திலும் இருந்த மாதிரி இருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்க்கிறார் என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செகண்ட்ஸ் என்று நான் திட்டிய படத்தை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் எதையோ தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "அந்தக் காலத்துல பிரான்சுல இப்பிடி வரைஞ்சாங்களாம்மா. ரூமுக்குள்ள இல்லாம வெயில்லயே போயி ஒக்காந்து, வெளிச்சம் மாறிடறதுக்குள்ள வேகவேகமா வரைவாங்களாம். அதான் திட்டுத் திட்டா இருக்குது."

வெளிச்சம் மாறிவிடுவதற்குள். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் படக்காரனுக்கு இருந்த அவசரம் எனக்குப் புரிந்தது. வீட்டில் எங்களுக்கும் அதே அவசரம்தான். அவர் கண் இருக்கும்போதே மகள் வீட்டுப் பேரப்பிள்ளையை நாலு தடவை காட்டிவிட வேண்டும், ஸ்ரீமுஷ்ணம் தேரைக் காட்டிவிட வேண்டும், என் முகத்தைக்கூட நன்றாகக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பரபரப்பாகவே இருந்தது. அறுபதை நெருங்குகிற முகத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்டாலும் காட்டத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் எங்களுக்கு அந்தப் படம்தான். இருட்டறைக்குள் நோயாளியை மட்டும்தான் விடுவார்கள். உள்ளே டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை அவர் வெளியே வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். "அப்பிடியேதான் இருக்குதாம்," என்பார். எப்போது கேட்டாலும் அந்த ஒரே பதில். அதனால் அவர் உள்ளே போவதற்கு முன்பே நான் என் பரிசோதனையை நடத்திவிடுவேன்.

"இன்னிக்குப் படம் எப்பிடித் தெரியுது?"

"போன தடவ மாதிரியேதான். நல்லா இருக்குது."

அந்தப் பதில் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த நிம்மதியில் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போவேன். கிட்டே போனால் தோட்டம் மறைந்துவிடும், வெறும் பிரஷ் தீற்றல்தான் இருக்கும். ஒவ்வொரு தீற்றலையும் பார்த்து வந்து அவருக்குச் சொல்லுவேன். எதை எப்படி வைத்திருக்கிறான் என்று ஒரு பெயிண்டிங்காரிக்குத்தானே தெரியும்?

"ஏங்க, நெழலுக்குக் கருப்பே வைக்கலங்க. ஊதா வச்சிருக்கான். நாம நெழலுன்னா கருப்பத்தான எடுப்போம்? ஊதா வச்சதாலதான் அது வெயில் நெழலா இருக்குது." "அந்தக் குடையில வெள்ள ரொம்பக் கம்மிங்க. மஞ்சளும் ரோஸும்தான். ஆனா இங்கேருந்து பாத்தா வெள்ளக் குடை." "ஒரு பூவுக்குக்கூட இதழ் போடல. பிரஷ்ஷ வச்சு ஒரு அழுத்து, அவ்ளோதான். நம்ம சூப்பர்வைசரு பாத்தா இவன வேலைய வுட்டே தூக்கியிருப்பாரு."

அவர் எல்லாவற்றையும் உம் கொட்டிக் கேட்பார். சிரிப்பார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குடைக்காரிக்குக் கண்ணே வைக்கவில்லை. முகம் என்று இளஞ்சிவப்பாக ஒரே ஒரு தீற்றல். கிட்டே போய் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன், புருவம்கூட இல்லை. இவ்வளவு பெரிய தோட்டத்தை வரைந்தவனுக்கு இரண்டு புள்ளி வைக்க நேரமில்லையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வந்து அவரிடம் சொன்னேன்.

"கண்ணு இல்லன்னா என்னா? அவ பூவப் பாத்துக்கிட்டுதான் நிக்கிறான்னு தெரியுதுல்ல?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். அவள் குடையைச் சாய்த்திருந்த விதத்திலும், கழுத்து இறங்கியிருந்த விதத்திலும், அவள் பூவைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. வருஷக்கணக்காகக் கண் வைத்த எனக்கு அது தோன்றவில்லை. ஆனாலும் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது எனக்கு என்னவோ செய்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும், "என்னா மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். என் முகம் எப்போதுமே உர்ரென்றுதான் இருக்கும். ஆனால் அதைக் கேட்கும்போது, என் முகம் அவருக்குத் தெரிகிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

சந்தேகம் வீட்டில்தான் ஆரம்பித்தது. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். கேட்டால், "தெனம் ஒரே கத, படிச்சு என்னா ஆவப்போவுது?" என்றார். டிவியை வைத்தால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கழுத்து வலி என்பார். ஒருநாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றேன். "நல்லா இருக்குது," என்றார். "என்னா கலருன்னு சொல்லுங்க பாப்போம்," என்றேன். "உனக்கு எந்தக் கலரும் எடுப்பாத்தான் இருக்கும், போவியா," என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியதில் அந்த மனிதர் என்னை ஒரு தடவைகூடப் புகழ்ந்ததில்லை.

கேட்டால் சொல்லமாட்டார். திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். "தெரியுதுடி, தெரியுதுன்னு சொல்றேன்ல?" என்பதோடு சரி. பொன்னாங்கண்ணிக் கீரை சமைத்துச் சமைத்து எங்கள் வீட்டுச் சட்டிக்கே பச்சை ஏறிவிட்டது. பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினேன். அடுத்த தெருவில் இருந்த கிறிஸ்தவ அக்கா சொன்னதைக் கேட்டு மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றினேன். யார் எதைச் சொன்னாலும் செய்தேன். கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறவள் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? எந்தச் சாமியிடம் போனாலும் ஒரே வேண்டுதல்தான்: அந்தக் கண்ணை விட்டுவிடு.

கடைசியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் அங்கே பிராது கட்டுவது வழக்கம். பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள், நம்பி ஏமாந்தவர்கள், வேறு எங்கேயும் போய் முறையிட முடியாதவர்கள், ஒரு வெள்ளைத் தாளில் வழக்கை எழுதிச் சாமியிடம் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். வழக்குத் தீர்ந்தால் திரும்பவும் வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே சாமி நீதிபதி மாதிரி.

தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. பிராது என்றால் எதிராளி வேண்டுமே, யார் மேல் எழுதுவது? சர்க்கரை மேலா, சூளை ஓட்டை மேலா? கண்ணைக் காப்பாற்று என்று எல்லாச் சாமியிடமும் கேட்டாகிவிட்டது. நீதிபதியிடம் நீதிபதிக்கு ஏற்ற வழக்கைத்தானே கொண்டுபோக வேண்டும்? எழுதினேன்: என் வீட்டுக்காரர் என்னிடம் உண்மையைச் சொல்வதில்லை. அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதை நீதான் எனக்குக் காட்டித் தர வேண்டும்.

கட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு மேல எழுதுன?"

"உங்க மேலதான்."

"எதிராளியையும் கூடவே கூட்டியாந்து பிராது கட்டுன பொம்பள இந்த ஊர்ல நீ ஒருத்திதான்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடையில் கூட்டம். வழக்கமான நாற்காலிகள் இரண்டும் எப்படியோ காலியாக இருந்தன. அவரை உட்காரவைத்தேன். நர்ஸ் பெண் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாள். நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தேன்.

படம் இல்லை.

ஆணி மட்டும் இருந்தது. சுவர் முழுக்க அழுக்கேறிப் பழுப்பாகக் கிடந்தது. படம் இருந்த இடம் மட்டும் அழுக்குப் படாமல் நீளச் சதுரமாக வெளுப்பாக இருந்தது. அட, படத்தைக் காணோமே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் பேசிவிட்டார். நான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். அந்த வெளுத்த இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு நல்லாவே தெரியுது. பாதையில வெயில் அடிக்குது பாரு. அந்தக் குடைக்காரி எவ்ளோ அழகா நிக்கிறா. பெஞ்சு பச்சக்கூட பளிச்சுன்னு இருக்குது."

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

பச்சை பெஞ்சைச் சொன்னது நான். பாதையின் வெயிலைச் சொன்னதும் நான். ஒவ்வொரு தடவையும் கிட்டே போய்ப் பார்த்துப் பார்த்து வந்து, பூவையும் நிழலையும் குடையையும் ஒன்றுவிடாமல் அவர் காதில் போட்டவளே நான்தான். நான் கொடுத்ததைத்தான் அவர் எனக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை மாதமாகவோ தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பில் ஒரு வெளுப்பு. அவ்வளவுதான். படம் இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான்.

பொய் சொன்னால் எனக்கு ஆகாது. பத்து ரூபாய்க்குப் பொய் சொன்ன காய்க்காரியை வாசலில் நிறுத்திவைத்து ஊரைக் கூட்டியவள் நான். இந்த மனிதரையும் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஏன்யா என்னை இப்படி ஏமாற்றினாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் எல்லாம் சரியாக எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றேன். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தியாத்தான் இருக்குது."

"அந்த ஊதா நெழலு?"

"இருக்குதுங்க. பாத மேலேயே இருக்குது."

நர்ஸ் பெண் எங்களைக் கடந்து போனவள் நின்றாள். "அம்மா, உங்க படத்தோட கண்ணாடி உடை..." என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்துப் புட்டியோடு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அவர் இருட்டறைக்குள் போன பிறகு நான் அந்த வெளுத்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோட்டம் முழுசாகத் தெரிந்தது. ஒரு பூ குறையவில்லை. நான் கட்டிய பிராதுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று கேட்டேன், கொளஞ்சியப்பர் காட்டிவிட்டார். பாவி, கண்ணைக் கேட்டிருக்கலாமே, அங்கேயும் கண்ணையே கேட்டிருக்கலாமே என்று என்னை நானே மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு வந்தார். "ஊசி இனிமே வேணாம்னுட்டாங்க," என்றார். "அப்பிடியே இருக்குதாம். மாசாமாசம் வர வேண்டியதில்லியாம். நல்ல சேதிதான?"

"நல்ல சேதிதாங்க."

படிக்கட்டுக்கு வந்தோம். மருந்துக்கடைப் பக்கம் இறங்குகிற அந்தப் படிகள் குறுகலானவை. எப்போதும் அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் இறங்குவார். அது வயசுக் கோளாறு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"எனக்கு முட்டி புடிச்சிக்கிச்சுங்க. கையக் குடுங்க, புடிச்சிக்கிட்டு எறங்குறேன்," என்றேன். என் முட்டிக்கு ஒன்றுமில்லை.

அவர் உடனே கையை நீட்டினார். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். நான் நகர்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா வா. கடைசிப் படி ஒசரம்," என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. களிமண் ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அழுகை வந்தால் அவர் பார்க்காதபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். அன்றைக்கு மூடவில்லை. நட்டநடு ரோட்டில், அவருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் மட்டும் வராமல் அழுதேன். கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டியது. துடைக்கவும் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். நல்ல சேதி சொன்ன நாளில்லையா, வழக்கமான கேள்வியை மாற்றிக்கொண்டார்.

"என்னா, இன்னிக்கு மூஞ்சி சிரிச்சாப்புல இருக்குது?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.